தண்ணீர் இல்லாத ஊருக்கு ஸ்பிரிங்ளர் எதற்கு?

பல்லடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "குடிக்கிற தண்ணியே பத்து நாளைக்கு ஒருக்கா வருதுங்க. ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான் பறக்குது. இதுல கம்பெனிக் கட்டடத்துக்கெல்லாம் தீயணைப்பு ஸ்பிரிங்ளர் கட்டாயம்னா, அந்தத் தண்ணிக்கு எங்கீங்க போறது?"

நியாயமான கேள்விதான். சிறுவாணி வற்றிய வருடங்களைப் பார்த்த யாருக்கும் இது தோன்றும். ஆனால் கணக்கை முழுசாகப் போட்டால், தண்ணீர் பற்றாத ஊருக்குத்தான் ஸ்பிரிங்ளர் அதிகம் தேவை என்று விடை வருகிறது. அது எப்படி என்று புரிய, அந்தக் கருவிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைப் பார்க்க வேண்டும்.

கூரையை ஒட்டிக் குழாய் ஓடுகிறது, அதில் எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. சில மீட்டருக்கு ஒன்றாகத் தண்ணீர் தெளிக்கும் தலைகள். ஒவ்வொரு தலையின் வாயையும் ஒரு மூடி அடைத்திருக்கிறது. அந்த மூடி திறக்காமல் தாங்கி நிற்பது, விரல் நகத்தைவிட ஒல்லியான கண்ணாடிக் குப்பி. விட்டம் 5 மில்லிமீட்டர், சீக்கிரம் வேலை செய்யும் வகையில் 3 மில்லிமீட்டர்.

குப்பிக்குள் சூடானால் நன்றாக விரியும் ஒரு திரவம் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டிக் காற்றுக் குமிழி தெரியும். அத்தனை சூட்சுமமும் அந்தக் குமிழியில்தான். தீயின் சூடான காற்று மேலே எழும்பி, கூரையில் முட்டிப் பரவி, குப்பியைச் சுடுகிறது. திரவம் விரிகிறது, குமிழி சுருங்குகிறது. குமிழிக்கு இடம் இருக்கும்வரை கண்ணாடிக்கு ஒரு கஷ்டமும் இல்லை. குமிழி முழுதும் கரைந்து மறைந்தபிறகு திரவம் விரிய இடமே இல்லை. திரவத்தை நசுக்கவும் முடியாது. அடுத்த சில டிகிரிக்குள் அழுத்தம் கிடுகிடுவென ஏறி, குப்பி தூள் தூளாகிறது. மூடி தெறிக்கிறது, தண்ணீர் கீழே உள்ள பல்சக்கரத் தகட்டில் மோதி வட்டமாகச் சிதறுகிறது. மின்சாரம், சென்சார், கணினி எதுவும் வேண்டாம். எத்தனை டிகிரியில் உடைய வேண்டும் என்பதை, தயாரிக்கும்போது விடும் குமிழியின் அளவே தீர்மானித்துவிடுகிறது. இத்தனை அழகான பொறியியலை நான் அதிகம் பார்த்ததில்லை.

திரவத்தின் நிறம் வெறும் அடையாளம்: சிவப்பு 68 டிகிரி செல்சியஸ், மஞ்சள் 79, பச்சை 93. நம்மூர்த் தகர ஷெட்டுக்கு இது முக்கியம். சித்திரை வெயிலில் தகரத்தின் அடியில் தேங்கும் காற்று வெளியே இருப்பதைவிட எவ்வளவோ சூடு. அங்கே சிவப்பு வேண்டாம். மஞ்சளோ பச்சையோதான் சரி.

சினிமாவில் ஒருவர் தீக்குச்சியைக் காட்டியதும் மாடி முழுக்க மழை பொழியும். நிஜத்தில் புகைக்கு எதுவும் திறக்காது. எந்தக் குப்பி சுடுகிறதோ அது மட்டும் உடையும். பெரும்பாலான தீவிபத்துகளில் ஒன்றிரண்டு தலைகளோடு வேலை முடிந்துவிடுகிறது.

இப்போது தண்ணீர்க் கணக்கு. சாதாரணத் தலை ஒன்று, 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 80 லிட்டர் விடும். தீ சின்னதாக இருக்கும்போதே விடுவதால் அது போதும். வளரும் தீயின் வெப்பம், நேரம் இரட்டித்தால் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்று பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் அந்த மடங்குகள் ஏறிவிடும், பிறகு பீய்ச்சும் தண்ணீரும் அதற்கேற்றபடிதான்.

அரிசோனாவின் பாலைவன நகரம் ஸ்காட்ஸ்டேல், 1985-லேயே புதிய வீடுகளுக்கும் ஸ்பிரிங்ளரைக் கட்டாயமாக்கியது. 15 வருட அனுபவத்தில் அவர்கள் கண்டது: ஸ்பிரிங்ளர் அணைத்த தீக்குச் சராசரி சுமார் 1,300 லிட்டர், குழாய் பிடித்து அணைத்ததற்குச் சுமார் 11,000 லிட்டர். அதாவது கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர்.

நம் கழிவுப் பஞ்சு குடோன்களுக்கு வீட்டுக் கணக்கு அப்படியே பொருந்தாது. பேலின் (இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியின்) உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நெருப்பைக் கூரைத் தண்ணீர் எட்டாது. பக்கத்து பேல்களை நனைத்துப் பரவாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். இங்கேதான் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். பஞ்சும் பனியன் வேஸ்ட்டும் நம் பிழைப்பு. அவை எரிவதை நாம்தான் படிக்க வேண்டும்.

சரி, தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமே? ஒருமுறை நிரப்பினால் அது அங்கேயே நிற்கும், தினசரிச் செலவு இல்லை. வருகிற தண்ணீரை முதலில் தீத்தொட்டிக்குள் விட்டு, அது நிரம்பி வழிவதை மட்டும் புழக்கத் தொட்டிக்கு எடுத்தால், சேமிப்பும் குறையாது, தண்ணீரும் தேங்கிக் கெடாது. தொட்டி எங்கே என்பதை, அதிலிருந்து தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளும் பம்ப் முடிவு செய்யட்டும். அக்கினி மூலையில் தண்ணீர் ஆகாது என்று வாஸ்துக்காரர் சொன்னதற்காக, பம்ப்பை ஒரு கோடியிலும் தொட்டியை மறுகோடியிலும் வைப்பது தொழிலாளர் உயிரோடு விளையாடுவது. நெருப்புக்குத் திசை தெரியாது.

அப்புறம், அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி ஸ்பிரிங்ளர் வேலை செய்யாமல் போனதற்கு முதல் காரணம், யாரோ வால்வை மூடி வைத்திருந்தது. பஞ்ச காலத்தில் நமக்கு அந்தச் சபலம் இன்னும் அதிகம் வரும். வால்வைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டி, வாரம் ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு ஆளைப் பேர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள்.