புது லேப்டாப்பில் எழுத்து ஏன் பொடியாகிறது?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரி அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலையாகப் போனால் இப்போது அடிக்கடி காதில் விழும் புகார் இதுதான்: புது லேப்டாப் வாங்கினோம், திரை பளிச்சென்று இருக்கிறது, ஆனால் இலைக் கணக்கு எழுதும் மென்பொருளைத் திறந்தால் எழுத்து படிக்க முடியாத அளவுக்குப் பொடியாக வருகிறது. சில இடங்களில் எழுத்து பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் மங்கலாக, 3 எது 8 எது என்று தெரியாமல். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

"ரெசல்யூஷனைக் குறைச்சு வெச்சுட்டேன் தம்பி, இப்போ பரவாயில்ல" என்று கணக்கு பார்க்கும் அக்கா ஒருவர் சொன்னார். பலரும் இதைத்தான் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். எல்சிடி திரையில் பிக்சல்களின், அதாவது படத்தை உருவாக்கும் குட்டிப் புள்ளிகளின், எண்ணிக்கை தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. 3840×2160 பிக்சல் உள்ள (4கே என்கிறார்களே, அந்த) திரையில் ரெசல்யூஷனை 1366×768 என்று வைத்தால் ஒரு பிக்சலை 2.8 பிக்சல்களில் பரப்ப வேண்டியிருக்கும். முழு எண்ணாக வராததால் ஓரங்கள் எல்லாம் குழைந்துபோகும், நன்றாக இருந்த மற்ற மென்பொருள்களும் சேர்ந்து கெடும், நாள் முழுக்க அதையே பார்ப்பவரின் கண்தான் வலிக்கும்.

சரி, என்ன நடக்கிறது? பழைய மென்பொருள்கள் அளவை பிக்சல் கணக்கில் எழுதி வைத்திருக்கின்றன: எழுத்து உயரம் 16 பிக்சல், பட்டன் அகலம் 80 பிக்சல் என்று. இது இலையை எடை போடாமல் கூடைக் கணக்கில் வாங்குவது போல. கூடை எல்லாம் ஒரே அளவில் இருக்கும்வரை பத்துக் கூடை என்றால் பத்துக் கூடைதான், கூடை சிறுத்துவிட்டால் எண்ணிக்கை சரியாக இருந்தும் இலை குறைந்துவிடும். பழைய திரைகளில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 96 பிக்சல் என்று விண்டோஸ் வைத்துக்கொண்டது, அந்தக் கணக்கில் 16 பிக்சல் எழுத்து 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 14 அங்குல 4கே லேப்டாப்பில் ஓர் அங்குலத்துக்கு சுமார் 315 பிக்சல். அதே எழுத்து 1.3 மில்லிமீட்டர்தான் வரும்.

இதைச் சமாளிக்க வந்ததுதான் ஸ்கேலிங். 200 சதவீதம் என்று வைத்தால் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு பிக்சலில் வரை என்று அர்த்தம். பிரவுசர் இதை ஒழுங்காகச் செய்துவிடுகிறது, ஏனென்றால் வலைப்பக்கம் எழுதுபவர் சொல்லும் பிக்சல் வேறு, திரையின் உண்மையான பிக்சல் வேறு என்று அது பிரித்தே வைத்திருக்கிறது. மற்ற மென்பொருள்களில் ஒவ்வொன்றும் தனக்கு ஸ்கேலிங் தெரியுமா தெரியாதா என்று விண்டோஸிடம் சொல்ல வேண்டும். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது.

தெரியாது என்று சொன்னால், அல்லது எதுவுமே சொல்லாவிட்டால், விண்டோஸ் அந்த மென்பொருளிடம் "திரை 96 தான்" என்று ஒரு பொய் சொல்லி, அது வரைந்ததைப் படமாக எடுத்து இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். மங்கல் இங்கிருந்துதான் வருகிறது. தமிழுக்கு இதில் கூடுதல் அடி. ண, ணை, ஞ, இ மாதிரி சுழி நிறைந்த எழுத்துகளின் உள்வெளி இழுபட்ட படத்தில் அடைந்துபோகிறது.

தெரியும் என்று சொல்லிவிட்டு உண்மையில் எதையும் பெரிதாக்காத மென்பொருள்களும் உண்டு. அங்கேதான் எழுத்து பொடியாகிறது, ஏனென்றால் அந்தப் பேச்சை நம்பி விண்டோஸ் ஒதுங்கிக்கொள்கிறது. ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதி, அதன் 8-ஆம் பதிப்பில் ஓடும் பழைய மென்பொருள்கள் இதற்கு நல்ல உதாரணம். 2017-இல் வந்த ஜாவா 9 முதல் விண்டோஸிலும் ஸ்கேலிங் உள்ளேயே வந்துவிட்டது, ஆனால் மென்பொருளைச் செய்து கொடுத்தவர்கள் ஜாவாவை மாற்றித் தந்தால்தானே?

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மென்பொருளின் எக்ஸ்இ ஃபைலில் (ஜாவா என்றால் அதை ஓட்டும் ஜாவாவின் எக்ஸ்இ ஃபைலில்) வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதில் ஹை டிபிஐ செட்டிங்ஸ் (டிபிஐ என்றால் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). அங்கே மென்பொருள் சொல்வதை ஒதுக்கிவிடும் ஒரு டிக் பெட்டியும் மூன்று தேர்வுகளும் இருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் 'சிஸ்டம்' என்று வையுங்கள். கொஞ்சம் மங்கும், ஆனால் படிக்கலாம். மங்கல்தான் தொல்லை என்றால் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு'. இது படத்தை இழுப்பதற்குப் பதில் எழுத்தைப் பெரிய அளவில் புதிதாக வரைகிறது, படங்கள் மட்டும் இழுபடும். விண்டோஸின் பழைய ஜிடிஐ முறையில் வரையும் மென்பொருள்களுக்குத்தான் இது பலிக்கும், ஆனால் விஷுவல் பேசிக் 6-இல் எழுதின கணக்கு மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த வகைதான் என்பதால் முதலில் இதை முயன்று பார்ப்பது நல்லது. மாற்றியபின் மென்பொருளை மூடித் திறக்க மறக்காதீர்கள்.

லேப்டாப்போடு பழைய மானிட்டரையும் மாட்டியிருந்தால் இன்னொரு சிக்கல். 18.5 அங்குல மானிட்டரில் அங்குலத்துக்கு 85 பிக்சல்தான் இருக்கும், லேப்டாப்பில் 315. பல மென்பொருள்கள் நாம் லாகின் செய்தபோது முதன்மையாக இருந்த திரையின் அளவை மட்டும் பிடித்துவைத்துக்கொள்கின்றன, ஜன்னலை அடுத்த திரைக்கு இழுத்ததும் மங்கிவிடுகின்றன. வேலை எந்தத் திரையில் அதிகமோ அதை முதன்மையாக்கி, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வந்தாலே பாதித் தொல்லை தீரும்.

லினக்ஸில் பட்டன், ஜன்னல்களை வரைந்து தரும் கருவித்தொகுப்புகள் (க்யூடி, ஜிடிகே போல) ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு என்பதால் க்யூடி மென்பொருள் சரியாக இருக்கும், ஜிடிகே மென்பொருள் சிறுத்திருக்கும், அல்லது மறுதலையாக. 125, 150 போன்ற அளவுகளைவிட 200 அங்கே சுத்தமாக வரும். ஒரு பிக்சல் கோடு ஒன்றேகால் பிக்சலாக முடியாதே.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு: எழுத்தின் அளவை ஸ்கேலிங்கோடு வளரும் பாயிண்ட் கணக்கில் வைத்துவிட்டுப் பெட்டியின் உயரத்தை பிக்சலில் பூட்டாதீர்கள். எழுத்து வளரும், பெட்டி வளராது, மேல்பக்கம் வெட்டுப்படும். ஆங்கிலத்தில் அப்போதும் ஒப்பேற்றிவிடலாம், தமிழில் முதலில் போவது புள்ளி. 'அச்சிடு' பட்டன் 'அசசிடு' ஆகிவிடும். பெட்டியின் உயரத்தை எழுத்தே தீர்மானிக்கட்டும். விண்டோஸில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக அளவு மாறும் முறை 2013-இல் 8.1-இலும், அதன் மேம்பட்ட வடிவம் 2017-இல் 10-இலும் வந்தாயிற்று, அதை அறிவித்துவிட்டு எழுதுங்கள். கொடுக்கும் முன் 125, 150, 200, 300 என்று நான்கு அளவிலும் 'ஸ்ரீ', 'கூ', 'ணீ', 'ஞ்' எல்லாம் உள்ள ஒரு பெயரைப் பட்டியலில் போட்டு, மேலும் கீழும் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.