கூட்டும் முன் பாருங்கள்: கோழிக்கூண்டைப் பிய்த்தது எது?

கோழிக்கூண்டு வலை கிழிந்து கிடந்தால் பண்ருட்டி பக்கம் முதலில் அடிபடும் பெயர் நரி. முந்திரிக்காடுகளை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு அந்த எண்ணம் வருவது இயல்புதான். அடுத்த கேள்வி, "டாக்டர், மருந்து வெச்சிடலாமா?"

கால்நடை மருத்துவராக நான் கேட்பது ஒன்றுதான். வந்தது எது என்று முதலில் பாருங்கள். விடிந்ததும் வாசலைக் கூட்டி, சாணி தெளித்து, செத்த கோழியையும் புதைத்துவிட்டு வந்து கேட்டால் நானும் ஊகிக்கத்தான் முடியும்.

கடிபட்ட உடல் நிறையச் சொல்லும். பின்தொடை, வால், காது, அடிவயிறு என்று கண்ட இடத்தில் கடித்துக் குதறி, நாலைந்து ஆடுகளைக் கொன்றும் தின்னாமல் போட்டிருந்தால் அநேகமாகத் தெருநாய்க் கூட்டம். நரி பெரும்பாலும் கோழியைக் கவ்விக்கொண்டு போய்விடும். வேலி வரை இறகு சிந்தியிருக்கும். கழுத்திலும் தலையிலும் கடி இருந்து, பகலில் நடந்திருந்தால் கீரியைச் சந்தேகிக்கலாம். இரவென்றால் மரநாய் அல்லது காட்டுப்பூனை. கூண்டுக்கு அடியில் வளை தோண்டி, வாயில் மண் குவிந்திருந்தால் அது பெருச்சாளி. குஞ்சுகள் காணாமல் போவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஓடுகூட மிஞ்சாமல் முட்டை மாயமானால் பாம்பையோ உடும்பையோ நினைக்க வேண்டும்.

உடல் கிடைக்காவிட்டால் தரை இருக்கிறது. இரவில் கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சலித்த மணலோ அடுப்புச் சாம்பலோ தூவி வையுங்கள். காலையில் பதிந்திருக்கும் தடத்தின் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். நான்கு விரலும் நகக்குறியும் தெரிந்தால் நாய் அல்லது நரி; நரியின் தடம் சற்றுக் குறுகி நீண்டிருக்கும். நகம் பதியாத நான்கு விரல் பூனை இனம். ஐந்து விரல் என்றால் மரநாயோ கீரியோ. நடுவில் வால் இழுத்த கோடு ஓடினால் உடும்பு. மதில் மேலும் ஓட்டுக் கூரையிலும் பழக்கொட்டைகளோடு எச்சம் கிடந்தால் மரநாய்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பலாப்பழக் காலத்தில் அதன் நடமாட்டத்தை நம் ஊரில் நன்றாகவே பார்க்கலாம்.

கார் ஒயரிலும் பைக் சீட்டிலும் இணையாக இரண்டு பற்கீறல் தெரிந்தால் எலி இனம். அவற்றின் முன்பல் ஆயுள் முழுக்க வளர்வதால் எதையாவது கொறித்துக்கொண்டேதான் இருக்கும். அதற்கு மரநாயைப் பிடித்துக் கொடுத்துப் பயனில்லை.

விஷத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வயலுக்குப் போடும் குருணை மருந்தைக் கறியில் கலந்து வைத்தால் காக்கை, கீரி, உங்கள் வீட்டு நாய் என்று எதுவும் சாகும். எச்சில் ஒழுகி, உடல் வெட்டி இழுக்கும் நிலையில் கொண்டுவரும் நாய்களில் எல்லாவற்றையும் காப்பாற்ற முடிவதில்லை. புரோமடியோலோன் எலி மருந்து வேறு விதம். அது ரத்தத்தை உறைய விடாது. தின்ற எலி சாக சில நாட்கள் ஆகும். அதற்குள் அந்த எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் பூனையும் பாதிக்கப்படும். ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தால் உடனே கொண்டுவாருங்கள். வைட்டமின் கே1 கொடுத்து மீட்க வாய்ப்பு உண்டு. மருந்தின் அட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். நரி, மரநாய், கீரி, உடும்பு எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, கொல்வது குற்றம்.

நிலக்கடலைக் கொல்லையை உழுததுபோல் புரட்டிப் போட்டு, இரட்டைக் குளம்புத் தடம் பதித்திருப்பது காட்டுப்பன்றி. வனத்துறைக்குச் சொல்லுங்கள். திருட்டு மின்வேலி மட்டும் வேண்டாம். அதில் மனித உயிர்களே போயிருக்கின்றன.

கடையில் விற்கும் மெல்லிய அறுகோணக் கோழிவலை கோழியை வெளியே விடாது, அவ்வளவுதான். நாய் அதைப் பல்லாலேயே பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு வலையை அடித்து, ஓரத்தை ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் புதையுங்கள். மேலேயும் மூடுங்கள், மரநாய் நன்றாக ஏறும்.

செத்த உடலைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நாய், நரி, கீரி எது கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கடிபட்ட ஆடு மாட்டுக்கும் ஊசி உண்டு.