பெரியப்பாவுக்கு ஒட்டியது எந்த ஆண்டின் காற்று?

வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். "காசநோயை ஒழித்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். ஆனால் பதிவாகும் நோயாளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதே, எதை நம்புவது?" இது முதல் கேள்வி. அடுத்தது வீட்டுக் கவலை. "68 வயதான என் பெரியப்பாவுக்கு டிபி என்று சொல்லிவிட்டார்கள். சில வருடங்களாக அவர் திண்ணையைத் தாண்டுவதே இல்லை. வீட்டில் யாருக்கும் இருமல்கூடக் கிடையாது. அவருக்கு எங்கிருந்து ஒட்டியது?"

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். செய்தியில் வரும் எண் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. மொத்த நோயாளிகளின் எண்ணிக்கை அதுவல்ல. இந்தியாவில் 2019இல் சுமார் 24 லட்சம் பேர் பதிவானார்கள். 2020இல் அது 18 லட்சமாகச் சரிந்தது. கிருமி ஊரடங்குக்குப் பயந்து ஓடிவிடவில்லை, குடும்பத்தோடு வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தது. சளிப் பரிசோதனைக்கு வர ஆளில்லை, அவ்வளவுதான். 2024இல் பதிவு 26 லட்சத்தைத் தொட்டதற்குப் பெரிய காரணம், தேடுவது கூடியதும் தனியார் மருத்துவர்கள் ஒழுங்காகத் தகவல் கொடுக்கத் தொடங்கியதும். புதிதாக நோயுறுவோர் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் அது 2015இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்து, 2023இல் 195 ஆகக் குறைந்திருக்கிறது. குறைகிறது, ஆனால் மெதுவாக.

இந்த 195 என்ற ஒற்றை எண்ணும் ஒருவகைச் சாம்பார்தான், எதெதையோ ஒன்றாகக் கொதிக்கவிட்டது. 2019–21இல் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் ஓர் ஆய்வு நடந்தது. 1955–58க்குப் பிறகு இப்படியொரு தேசிய ஆய்வு அதுதான். அறுபது ஆண்டு இடைவெளி! 15 வயதைத் தாண்டியவர்களில் லட்சத்துக்கு 316 பேர் அந்த நேரத்தில் நுரையீரல் காசநோயோடு இருந்தார்கள். டெல்லியில் 534, கேரளத்தில் 115. ஆண்களிடம் பெண்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முதியவர்கள், மெலிந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள், குடிப்பவர்கள் என எல்லோரிடமும் சராசரிக்கு மேல். மத்தியப் பிரதேசத்தின் சகாரியா பழங்குடியினரிடம் முன்பு தனியாக நடத்திய ஓர் ஆய்வில் லட்சத்துக்கு 1,500ஐத் தாண்டியது. கிருமி ஒன்றுதான். பிறகு ஏன் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் இவ்வளவு வேறுபாடு?

இதற்கு ஒரு பள்ளிப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். காசநோய்க் கிருமி உடலில் நுழைவது வேறு, நோய் வருவது வேறு. கிருமி நுழைந்தவர்களில் வாழ்நாள் முழுவதும் சேர்த்தே நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் நோயாகிறது. மற்றவர்களின் நுரையீரலில் வெள்ளணுக்கள் கிருமியைச் சுற்றி வளைத்து ஒரு சிறு உருண்டை கட்டிவிடுகின்றன. அதற்குக் கிரானுலோமா என்று பெயர். கிருமியை விழுங்கும் அணுக்கள் நடுவில், டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் வெளிவட்டத்தில். இந்தக் காவல் கலையாமல் நிற்க டிஎன்எஃப் என்ற புரதம் வேண்டும். இது எப்படி உறுதியானது என்பது சுவாரசியமானது. மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃபை முடக்கும் மருந்து சந்தைக்கு வந்தது. அதை ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குச் சில வாரங்களிலேயே காசநோய் வெடித்துக் கிளம்பியது. 2001இல் அந்தச் செய்தி வெளியானது. எப்போதோ நுழைந்து பூட்டப்பட்டிருந்த கிருமி, காவலரைப் பணிநீக்கம் செய்ததும் வெளியே வந்திருக்கிறது.

எச்ஐவி, சர்க்கரை நோய், பட்டினி, முதுமை எல்லாம் அதே காவலில் வெவ்வேறு இடத்தில் கை வைப்பவை. எச்ஐவி இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு பத்து மடங்குக்கும் மேல் கூடுகிறது, சர்க்கரை நோய் இருந்தால் இரண்டு மூன்று மடங்கு. மக்கள் பிரிவுகளுக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் பாதி இங்கேயே விளங்கிவிடும்.

மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்தது. அதற்கு உடலுக்குள் பார்த்தால் போதாது, காலத்தையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்ட் என்று ஒரு தொற்றுநோயியல் பேராசிரியர் இருந்தார். 1930களில் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் காசநோய் மரணக் கணக்கை எடுத்து ஓர் அட்டவணை போட்டார். மேலே 1880, 1890 என்று 1930 வரை ஆண்டுகள். பக்கவாட்டில் வயதுகள். கட்டங்களுக்குள் மரண விகிதம். நாம் எல்லோரும் செய்வதுபோல ஒரு பத்தியை மேலிருந்து கீழே படித்தால் ஒரு புதிர் வரும். பழைய ஆண்டுகளில் கைக்குழந்தைகளும் இருபதுகளில் இருந்த இளைஞர்களும் செத்துக் குவிந்திருக்கிறார்கள். 1930இலோ மரண விகிதத்தின் உச்சம் ஐம்பதைத் தாண்டியவர்களிடம். அப்படியானால் கிருமி தன் குணத்தை மாற்றிக்கொண்டு வயதானவர்களைத் தேடத் தொடங்கிவிட்டதா?

ஃபிராஸ்ட் அட்டவணையைக் குறுக்காகப் படித்தார். 1930இல் ஐம்பதுகளில் இருப்பவர் யார்? 1880இல் குழந்தையாக இருந்தவர். 1890இல் அவர் பதின்ம வயது, 1900இல் இருபதுகள். ஒரு கட்டம் வலப்பக்கம் நகரும்போது ஒரு கட்டம் கீழேயும் இறங்கினால், ஒரே தலைமுறையின் பின்னாலேயே நடந்துபோகலாம். அப்படி நடந்தபோது புதிர் கரைந்துவிட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் கோடு ஒரே வடிவம்தான். மழலையில் உயர்வு, பள்ளி வயதில் பள்ளம், இருபதுகளில் மறுபடி உச்சம், பிறகு இறக்கம். அடுத்தடுத்துப் பிறந்த தலைமுறைகளில் இதே வடிவம் தணிந்து தணிந்து வந்தது. 1930இன் ஐம்பது வயதுக்காரரும் தன் இருபதுகளில் இருந்த ஆபத்தைவிடக் குறைந்த ஆபத்தில்தான் இருந்தார். அவருக்குப் பின்னால் பிறந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் வேகமாகக் குறைந்துவிட்டதால், அவர் மட்டும் உயர்ந்து தெரிந்தார்.

வற்றிக்கொண்டிருக்கும் குளத்தின் படிக்கட்டைப் பார்த்திருப்பீர்கள். மேல்படியில் பாசிக்கறை இருக்கும். அதை வைத்து இன்று தண்ணீர் அங்கே நிற்கிறது என்று யாரும் சொல்லமாட்டோம், ஒரு காலத்தில் அதுவரை நின்றது என்றே சொல்வோம். காசநோய்க் கணக்கில் முதியவர்கள் அந்த மேல்படிகள். தாங்கள் சிறுவராக இருந்தபோது ஊரில் எவ்வளவு நோய் இருந்தது என்பதை உடம்பிலேயே பதித்து வைத்திருப்பவர்கள். இன்றைய தண்ணீர் எங்கே என்று தெரிய வேண்டுமானால் கடைசிப் படிக்குப் போக வேண்டும். அது குழந்தைகள். நான்கு வயதுப் பிள்ளைக்குக் கிருமி தொற்றியிருந்தால், அது கடந்த நான்கு ஆண்டுகளுக்குள்தான் நடந்திருக்க முடியும்.

நார்வேயின் கிறிஸ்டியன் ஆன்ட்வோர்ட் என்ற மருத்துவர் 1930இலேயே இதே கருத்தை எழுதிவிட்டார். ஃபிராஸ்டின் கட்டுரை 1939இல் அச்சேறியபோது ஃபிராஸ்ட் உயிரோடு இல்லை. அவரே காசநோய் கண்டு மீண்டவர் என்பது இந்தக் கதையில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும் இடம்.

இந்தக் குறுக்குப் பார்வை கைக்கு வந்துவிட்டால் எந்த நாட்டின் கணக்கையும் படிக்கலாம். ஜப்பான் 2021இல் லட்சத்துக்குப் பத்துக்கும் கீழே இறங்கியது. மிச்சமிருக்கும் நோயாளிகளில் பெரும்பாலோர் முதியவர்கள், போர்க்காலத்தையும் அதன் பின்னால் வந்த பஞ்சத்தையும் பார்த்தவர்கள். அமெரிக்காவில் இன்று நான்கில் மூன்று நோயாளிகள் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இதை வைத்துக்கொண்டு 'வந்தேறிகள் நோயைப் பரப்புகிறார்கள்' என்று கத்துகிற அரசியல்வாதிகளுக்குக் குறுக்காகப் படிக்கத் தெரியாது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் தம் பிறந்த ஊரின் பழைய காற்றைச் சுமந்து வந்தவர்கள், வந்து பல ஆண்டு கழித்து நோயுறுகிறவர்கள். நம் நாட்டிலோ விகிதம் முதியவர்களிடம் கூடுதலாக இருந்தாலும், தலை எண்ணினால் வேலைக்குப் போகும் வயதினரே அதிகம். அதாவது நம் குளத்தில் தண்ணீர் இன்னும் நடுப்படியில் நிற்கிறது. ஆறுதலான செய்தியும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளந்து நடத்திய ஆய்வுகளில், ஓர் ஆண்டில் புதிதாகக் கிருமி தொற்றும் பிள்ளைகள் 2000–03இல் நூற்றுக்கு ஒன்றரைப் பேர். 2009–10இல் அது சுமார் ஒருவர். ஏறும் இறங்கும் பதிவு எண்ணிக்கையைவிட நான் இந்தச் சின்ன எண்ணைத்தான் நம்புவேன்.

இதுவரை சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கக் கூடாது. கேம்பிரிட்ஜில் வரிக்குதிரை மீன்களை வைத்துக் காசநோயை ஆராயும் லலிதா ராமகிருஷ்ணன், கிரானுலோமாவைச் சுத்தமான சிறைச்சாலை என்று நினைக்காதீர்கள் என்கிறார். அந்த மீன்குஞ்சு கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது. உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம். கிருமியை விழுங்க ஓடிவரும் அணுக்களையே கிருமி வாகனமாக்கிப் பரவுவதை அவர் குழு காட்டியது. 2018இல் இன்னும் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, நோய் வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றிய ஓரிரு ஆண்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது, அறுபதாண்டு உறக்கம் என்பது விதிவிலக்கு என்றது. நம்மைப் போலக் காற்றில் கிருமி தாராளமாகத் திரியும் நாட்டில், முதியவருக்குப் புதிதாகவே தொற்றியிருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. 2019–21 ஆய்வு இதற்கு இன்னொரு துப்புத் தருகிறது. கண்டுபிடித்த நோயாளிகளில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல், மார்பு எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் ஆய்வின் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். ஆய்வில் விசாரித்த அறிகுறி எதுவும் அவர்களிடம் இல்லை. 'வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை' என்பது நிம்மதிப்பட்டுவிடக்கூடிய காரணம் அல்ல.

எலும்புருக்கி நோய் என்று நம் பாட்டிமார் வைத்த பெயர் எனக்கு மிகப் பிடிக்கும். நோய் உடலை உருக்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உருகிய உடலைத் தேடியும் நோய் வருகிறது என்பதை எண்களோடு நிரூபிக்க 2023 வரை ஆனது. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களை எடுத்து, ஒரு பாதிக் குடும்பங்களில் நோயாளியோடு சேர்த்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் மாதா மாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரப்பும் வகை நோய் கிட்டத்தட்டப் பாதியானது. இதையே ஒரு தடுப்பூசி சாதித்திருந்தால் உலகப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டிருக்கும். பருப்புக்குக் காப்புரிமை கிடையாது, அதனால் அதை ஆராயப் பணம் போட ஆளும் குறைவு. நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்றிருந்த ஊட்டச்சத்து உதவியை அரசு 2024இல் 1,000 ஆக்கியது நல்ல காரியம். கூட இருப்பவர்களின் தட்டில் என்ன இருக்கிறது என்பதற்கும் அதே அளவு மனம் வைக்கலாம்.

இனி பெரியப்பா. 1955–58 ஆய்வு நடந்த காலத்தில் பிறந்தவர். அன்று நம் ஊர்களில் ஆயிரம் பேருக்கு 2 முதல் 8 பேர்வரை சளியில் கிருமியோடு நடமாடினார்கள். அவர் வளர்ந்தது அந்தக் காற்றில். அன்று நுழைந்த கிருமி இப்போது விழித்திருக்கலாம். சென்ற வருடம் திண்ணைக்கு வந்து கதை பேசிய ஒருவரிடமிருந்து வந்திருக்கவும் கூடும். எதுவானாலும் செய்ய வேண்டியவை ஒன்றே. அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தை இடையில் நிறுத்தவிடாதீர்கள், எடை ஏறுகிறதா என்று மாதா மாதம் கவனியுங்கள். கூட வசிப்பவர்கள் எல்லோரையும், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை இலவசமாகவே தருவார்கள். தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை. இந்த நோய் எச்சிற்பாத்திரத்தில் பரவுவது அல்ல. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

'பரம்பரை நோய், குடும்ப சாபம்' என்று யாராவது சொன்னால் கோபப்பட வேண்டாம். ஒரே கூரைக்கடியில் ஒரே காற்றைச் சுவாசித்ததைத்தான் நம்மவர்கள் அப்படிப் புரிந்துகொண்டார்கள். நேரம் கிடைக்கும்போது பெரியப்பாவிடமே கேட்டுப் பாருங்கள். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் யாராவது நெடுநாள் இருமிக்கொண்டிருந்தார்களா என்று. கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று வீட்டில் யாரும் இத்தனை நாள் எடுக்காத ஒரு பெயர் வந்தாலும் வரலாம்.