சுட்ட புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்

இந்தக் கிழமையும் ஒரு நாகு. தொடையில் காய்ச்சிய இரும்பால் சுட்ட மூன்று எழுத்துக் குறி, அதன் மேல் வாகனத்தில் இருந்து வடித்த பழைய ஒயில், ஒயிலுக்குக் கீழே புழு. பெரும்போக விதைப்புக்கு முன் மாடுகளை மட்டக்களப்பு மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்க்கும் காலம் வந்தால் எங்களுக்கு இதே வேலைதான். பல பட்டிகள் ஒன்றாக மேயும் இடம் அது. குறி இல்லாவிட்டால் எது யாருடைய மாடு என்று சொல்ல முடியாது. அந்தக் கவலை எனக்கும் விளங்குகிறது. ஆனால் "மாட்டுத்தோல் தடிப்பு டொக்டர், அதுக்கு நோகாது" என்று சொல்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தோல் தடிப்புத்தான். அதில் எந்தப் பகுதி தடிப்பு என்று பாருங்கள். மேலே இருப்பது மேலணி இழையம். கலங்கள் நெருக்கமாக அடுக்கிய படை. அதற்குள் குருதிக்குழாய் கிடையாது. மாட்டிலும் அது மெல்லியதுதான், உடம்பின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. தடிப்பெல்லாம் அதற்குக் கீழே உள்ள தொடுப்பிழையத்தில். கொலாஜன் நார்கள் பின்னிக் கிடக்கும் அந்தப் படையைப் பதனிட்டுத்தான் செருப்பும் பையும் செய்கிறார்கள். நரம்பு நுனிகள் இந்தத் தடிப்புக்கு அடியில் ஒளிந்து கிடப்பதில்லை. அதை ஊடறுத்து மேலே வந்து மேலணி வரைக்கும் போகின்றன, ஒவ்வொரு மயிரின் அடியையும் சுற்றி நிற்கின்றன.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், மாட்டையே பாருங்கள். விலாவில் ஒரு ஈ இருந்தால் அந்த இடம் மட்டும் துடிக்கும். தோலுக்கு அடியில் தகடு போல விரிந்த ஒரு தசை இருக்கிறது. ஈ இருந்த செய்தியை நரம்பிழையம் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்குக் கொண்டுபோக, அங்கிருந்து வரும் கட்டளையில் அந்தத் தசை சுருங்குகிறது. ஈயின் காலை உணரும் தோலுக்குக் காய்ச்சிய இரும்பு தெரியாதா?

சிலர் குச்சியால் குத்திக் காட்டுவார்கள்: "பாருங்க, அசையுதா?" சுட்ட இடத்தின் நடுவில் அசையாது. அங்கே நரம்பு நுனிகள் எரிந்து செத்துவிட்டன, அதனால்தான். ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், மாடு உதைக்கும். மாடு மனிதனைப் போலக் கத்திக் காட்டாது. எதிரிக்குப் பயந்து வாழும் பிராணி நோவை மறைக்கும். அசைபோடுவது குறைந்தால், பால் குறைந்தால், பட்டியை விட்டு ஒதுங்கி நின்றால் அதற்கு நோகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது புண் ஆறும் விதம். மேலணி இழையம் ஓரங்களில் இருந்து ஊர்ந்து வந்துதான் புண்ணை மூடும். அது ஊர்வதற்கு ஈரமான, உயிருள்ள தளம் வேண்டும். நீங்கள் "கெட்ட சதை" என்று சுரண்டி எடுக்கிறீர்களே, சிவப்பாகக் குறுணி குறுணியாக இருப்பது, அதுதான் அந்தத் தளம். புதிதாக முளைக்கும் தொடுப்பிழையமும் நுண்ணிய குருதிக்குழாய்களும் அது. தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். மண்ணெண்ணெய், பழைய ஒயில், பற்றரிக் கரி எல்லாம் செய்வதும் இதே கொலைதான். முளைத்தது செத்துப்போகும், செத்ததில் கிருமி வளரும். மாடு நக்கினால் அதெல்லாம் வயிற்றுக்குள்ளும் போகும்.

இரும்பை அழுத்திப் பிடித்தால் சூடு தசை வரைக்கும் போகும். தோல் ஒருமாதிரி மூடிக்கொள்ளும். தசை அப்படியல்ல, ஆழமாகச் செத்த இடத்தை நார்த்தழும்புதான் நிரப்பும். தழும்பு தசையைப் போலச் சுருங்கி விரியாது. பிறகு கால் இழுக்கிறது என்று என்னிடம் கொண்டுவந்தால் நான் என்ன செய்ய?

புழு விஷயம். புழுவைக் கொன்றுவிட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். செத்த புழுவும் உள்ளே கிடந்து அழுகும். ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். செத்த சதையைத் தின்னும் புழுக்கள் உண்டு, உயிருள்ள சதையையே துளைத்துக்கொண்டு போகும் புழுக்களும் உண்டு. பின்னையது என்றால் நாளைக்கு நாள் குழி ஆழமாகும்.

சரி, செய்ய வேண்டியது இது. முதலில் காதில் இலக்கத் தகடு போடலாமா என்று உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். காதின் நடுவே கசியிழையம்தான், அதாவது வளையும் குருத்தெலும்பு, தெரிந்தவர் சரியான இடத்தில் போட்டால் விரைவில் ஆறும். தகட்டைக் கள்ளன் அறுத்துவிடுவான் என்பீர்கள், அறுப்பான்தான். அதனால் குறியை விடமாட்டீர்கள் என்றால் ஒரு சிறிய குறி போதும். முழுப்பெயரை விலா நிறைய எழுதாதீர்கள். மயிர் நனைந்திருந்தால் சுட வேண்டாம், ஆவி பரவி அக்கம்பக்கமும் வெந்துபோகும். ஒரே இடத்தில் இரண்டாம் தரம் இரும்பு வைக்கக் கூடாது. பால்குடிக் கன்றுகளை விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

சுட்ட உடனே பச்சைத் தண்ணீரைக் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஊற்றுங்கள். பிந்திய நாட்களில் கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்கு மட்டமாக இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவினால் போதும். காலையும் மாலையும் புண்ணைப் பாருங்கள். நாற்றம், ஓரத்தில் வெள்ளை முட்டைக் கூட்டம், குழி, வீக்கம் எது கண்டாலும் அன்றே சொல்லுங்கள். தாடை இறுகி, உடம்பு விறைத்தால் அது ஏற்புவலி. விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

ஊசியையும் நீங்களாக வாங்கிப் பிட்டத்தில் குத்தாதீர்கள். அங்கே இடுப்பில் இருந்து காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. அதில் பட்டு ஒரு கால் சோர்ந்துபோன கன்றுகளையும் பார்த்திருக்கிறேன். நாங்கள் நுண்ணுயிர்கொல்லி ஏற்றினால், எத்தனை நாள் பாலைக் கறந்து ஊற்றிவிட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாட்களின் பால் தயிர்ச்சட்டிக்கும் போகக் கூடாது, வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது.