சூரையின் செவுளை அடைக்கும் முட்டைகள்

தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் சூரை (டூனா) மீன் வளர்ப்பு என்றால் குஞ்சு பொரித்து வளர்ப்பதில்லை. கிரேட் ஆஸ்திரேலியன் பைட் கடலில் தெற்கு நீலத்துடுப்புச் சூரையைச் சுற்றிவளைத்து, வலைக்கூண்டோடு மெதுவாக இழுத்து வருவார்கள். சில மாதங்கள் மத்தி போட்டுக் கொழுக்க வைத்து, பெரும்பாலும் ஜப்பானுக்கு விற்பார்கள். கூண்டுக்கு மாறிய புதிதில் நன்றாகவே இருக்கும் மீன்கள், ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சாகத் தொடங்குவது இங்கே பல ஆண்டுகள் தலைவலியாக இருந்தது.

முக்கியமாகச் சந்தேகிக்கப்பட்டவை இரண்டு தட்டைப்புழுக்கள். கார்டிகோலா ஃபார்ஸ்டெரி இதயத்துக்குள் குடியிருக்கும். கார்டிகோலா ஓரியன்டாலிஸ் செவுளுக்குப் போகும் இரத்தக்குழாய்களில் இருக்கும். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள்தான். மனிதருக்குப் பில்ஹார்சியா நோய் தரும் சிஸ்டோசோமா புழுவுக்கு இவை தூரத்துச் சொந்தம்.

இதயத்தில் புழு என்றதும் இதயம்தான் கெடும் என்று தோன்றும். ஆனால் பெரிய தொல்லை புழுவைவிட அதன் முட்டைகளால்தான் வருகிறது. மீனின் இதயம் இரத்தத்தை நேராகச் செவுளுக்கு அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட பிறகே அது உடம்புக்குப் போகும். ஆக, இதயத்தில் இட்ட முட்டை ஓட்டத்தோடு போய்ச் சிக்குகிற முதல் சந்து, செவுளின் நுண்குழாய். புழுவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. மெல்லிய சுவர் ஒன்றைத் தாண்டினால் கடல். முட்டைக்குள் வளரும் இளம்புழு அந்தச் சுவரைத் துளைத்து வெளியேறிவிடும். மனிதரின் பில்ஹார்சியா முட்டைகளோ குடலையோ சிறுநீர்ப்பையையோ துளைத்துத்தான் வெளியே வர வேண்டும்.

பத்து முட்டைகளை மீன் தாங்கிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் குழாய்கள் அடைபடும், சுற்றியுள்ள திசு வீங்கித் தடிக்கும், ஆக்சிஜன் உள்ளே வருவது குறையும். வேறு மீன் என்றால் அசையாமல் கிடந்து சமாளிக்கலாம். சூரையால் அது முடியாது. வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு. போதாததற்கு, உடம்பைக் கடல்நீரைவிடச் சூடாக வைத்திருக்கும் மீன் அது. ஆக்சிஜன் செலவும் அதிகம்.

சரி, வெளியேறிய இளம்புழு எங்கே போகிறது? பில்ஹார்சியா புழு நன்னீர் நத்தையைத் தேடும். ஃபார்ஸ்டெரிக்கு நத்தை வேண்டாம். கடலடியில் குழல் கட்டி வாழும் லாங்கிகார்பஸ் மாடஸ்டஸ் என்ற வளையப்புழுதான் அதன் நடுவீடு என்று 2011-இல் தெரியவந்தது. அதற்குள் பாலினச் சேர்க்கை இல்லாமலே பல மடங்காகப் பெருகி, வால் முளைத்த லார்வாக்களாக நீரில் இறங்கி, சூரையின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகின்றன.

இங்குதான் கூண்டு வேலையைக் கெடுக்கிறது. கடலில் தன்போக்கில் திரியும் சூரை ஓரிடத்தில் தங்குவதில்லை. கூண்டுச் சூரையோ அந்த வளையப்புழுக்கள் வாழும் தரைக்கு மேலேயே மாதக்கணக்கில் சுற்றுகிறது. கரையோரக் கூண்டுகளையும் கடலில் தள்ளிப் போட்ட கூண்டுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், கரையோர மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்ஸ்டெரி தொற்று இருந்தது. தள்ளியிருந்தவற்றில் அது காணப்படவில்லை. சாவும் அங்கே குறைவு. என்னைக் கேட்டால், மருந்தைவிடப் பெரிய பாடம் இதுதான்.

மருந்தும் உண்டு: பில்ஹார்சியாவுக்குத் தரும் அதே பிராசிகுவான்டல். தீனியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அது புழுவைக் கொல்லும். ஏற்கெனவே செவுளில் சிக்கிய முட்டைகளை அகற்றாது. அதனால் புழுக்கள் வந்து சேர்ந்த பிறகு, ஆனால் முட்டைகள் குவிவதற்கு முன், கூண்டில் விட்ட சில வாரங்களிலேயே கொடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டிப் பிழைக்கும் மீன்களுக்கு எதிர்ப்பொருள் உருவாகி, புழுக்களின் எண்ணிக்கை தானாகவே குறையத் தொடங்கும்.