எக்கர்: கடலோர மணற்குன்றுக்கு உரிய பழஞ்சொல்

கடல் அலை ஒதுக்கிய மணலைக் காற்று மேலும் குவித்து உண்டாக்கும் மேட்டுக்குத் தமிழில் எக்கர் என்று பெயர். இப்போது பாடநூல்களிலும் செய்திகளிலும் மணற்குன்று, மணல்மேடு, மணல்திட்டு என்னும் சொற்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் புழங்குகின்றன. சிலர் டியூன் என்றே எழுதிவிடுகின்றனர். டியூன் என்பது டச்சு மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். குன்று, மேடு என்னும் பொருளுடைய சொற்களுக்கு உறவானது. அதற்கு ஈடாக வந்த மணற்குன்றும் உருவத்தை மட்டுமே சொல்கிறது. ஆகவே அது தார்ப் பாலைவனத்துக்கும் கோடியக்கரைக்கும் வேறுபாடின்றிப் பொருந்திவிடுகிறது.

எக்கர் என்பதை எக்கு என்னும் வினையடியோடு சேர்த்துப் பார்ப்பர். பரணிலிருக்கும் பானையை எக்கி எடுத்தான் என்று இன்றும் சொல்கிறோம். அடியிலிருந்து மேலே உந்தி எழுதலே அதன் பொருள். இடுமணல், அதாவது கொண்டுவந்து இடப்பட்ட மணல், என்று எக்கருக்குப் பொருள் தருவதும் உண்டு. எக்கல் என்பது அதன் மற்றொரு வடிவம். ஆக, ஏதோ ஒன்று கொண்டுவந்து இட்டு எழுப்பியது என்னும் செய்தி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த இடுதல் எப்படி நடக்கிறது என்பதை நற்றிணையின் 15ஆம் பாடல் இரண்டு வினைகளில் சொல்லிவிடுகிறது. ‘முழங்குதிரை கொழீஇய மூரி எக்கர்’ என்று அது தொடங்குகிறது: முழங்கும் அலைகள் கொழித்த பெரிய எக்கர். அடுத்து, ஊதை என்னும் குளிர்காற்று அந்த மணலைத் தூற்றுவதாகச் சொல்கிறது. கொழித்தல் முறத்தில் நடப்பது. தூற்றுதல் களத்துமேட்டில் நடப்பது. கரையேறும் அலைநீரில் ஒரு பகுதி மணலுக்குள் இறங்கிவிடுவதால், திரும்பும் நீருக்கு வேகம் குறைந்து, கொண்டுவந்த மணலில் ஒரு பங்கைக் கரையிலேயே விட்டுச் செல்கிறது. இலேசான மணல் அலைந்துபோக, கனமானது தங்கிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் அலை வழிந்த தடத்தைக் குனிந்து பார்த்தால், வெண்மணலின்மேல் இல்மனைட் தாது மெல்லிய கருங்கோடுகளாகப் படிந்திருப்பது தெரியும். முறத்தில் அரிசியும் கல்லும் பிரிந்து நிற்பதைப் போன்ற காட்சி அது. அந்த மணல் உலர்ந்ததும் காற்றின் வேலை தொடங்குகிறது: நொடிக்கு 5 மீட்டர் அளவில் வீசினாலே நுண்மணல் துள்ளி நகரத் தொடங்கி, ஒரு மரத்துண்டோ செடியோ குறுக்கிடும் இடத்தில் விழுந்து சேர்கிறது. அலை மட்டும் போதாது, காற்று மட்டும் போதாது என்பதை அந்தப் பாடலைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது என்றே கருதுகிறேன்.

ஆனால் காற்று குவித்ததைக் காற்றே கலைத்தும் விடும். அதை நிலைநிறுத்துவது தாவரம். முதலில் வருவது அடும்பு. தமிழகத்தில் அடப்பங்கொடி, ஈழத்தில் அடம்பன். அதன் இலை நடுவில் பிளந்திருப்பதைக் கண்டு குறுந்தொகை 243ஆம் பாடல் மானின் குளம்பை உவமை சொன்னது. தாவரவியலார் இட்ட இலத்தீன் பெயர் ஆட்டின் கால் என்கிறது. உப்புச் சாரலைத் தாங்கும் அந்தக் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுகிறது. மணல் மூடினாலும் சாகாமல் மேலெழுந்து மறுபடி படர்கிறது. மூடிய மணல் கொடிக்குள் சிக்கிக்கொள்ள, எக்கர் ஒரு படி உயர்கிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் ஈழத்துப் பழமொழியை ஒற்றுமைக்குச் சொல்வார்கள். எக்கரில் அது கண்ணால் காணும் உண்மை. அடும்போடு சேர்ந்து வருவது இராவணன் மீசை என்னும் முள்புல். அதன் விதைத்தலை முள்பந்தாகக் கழன்று காற்றில் கரையெங்கும் உருண்டோடி, தடுக்கும் இடத்தில் தங்கி முளைக்கிறது. இவ்விரண்டும் மணலைப் பிடித்து, மட்கிச் சிறிது உரமும் சேர்த்த பிறகே, காற்று தணிந்த பின்புறத்தில் தாழையும் புன்னையும் கால்கொள்கின்றன. ஐங்குறுநூற்றின் ஞாழற்பத்தில் பாடல்கள் ‘எக்கர் ஞாழல்’ என்று தொடங்குவதிலிருந்து, எக்கரையும் மரத்தையும் இணைத்தே பார்த்தனர் என்பது விளங்கும்.

சில சொற்களை எக்கரோடு கலக்காமல் இருப்பது நல்லது. தேரி என்பது தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணல் மேடு. இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்தது. இராமேசுவரத்து மீனவர் தீடை என்பது கடல் நடுவில் தலைகாட்டும் மணல்திட்டு.

கரையை ஒட்டிப் புதிதாகத் தோன்றியதை இள எக்கர் என்றும், மரம் மூடி அசைவற்றதை முது எக்கர் என்றும் வழங்கலாம். பாலைவனத்துக்கு மணற்குன்று இருக்கட்டும். இந்த வேறுபாடு வெறும் சொல்லாய்வுக்காக அன்று. மேடு என்று அழைத்தால் சமன்படுத்தத்தக்க இடமாகவே அது கண்ணுக்குப் படுகிறது. கொடியை உரித்து மேட்டைத் தட்டிச் சவுக்கு நட்டுவிட்டுக் கரையைக் காத்ததாக நினைத்துக்கொள்கிறோம். சவுக்குச் சருகு மூடிய தரையில் அடும்பு செழிப்பதில்லை. பிடிப்பில்லாத மணல் எங்கே போகும் என்பதை யாழ்ப்பாண வடமராட்சியின் மணற்காடு என்னும் ஊரில் காணலாம்: அங்கே பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் மணலில் பாதி புதைந்து நிற்கின்றன.