'ஆபத்துக் காரணி' வேண்டாம், 'இடர்க்கூறு' போதும்

"வலி மாத்திரையால் வெள்ளணு அழிய மரபணுவே ஆபத்துக் காரணி." இப்படியொரு வரியை மருந்து பற்றிய துண்டறிக்கைகளில் இந்த மாதம் மூன்றாவது தடவையாகப் படித்துவிட்டேன். என் அத்தையும் படித்துவிட்டு, "அப்போ நம்ம ரத்தத்துலேயே இந்தக் கோளாறு இருக்காடா?" என்று கேட்டார். அந்த வரியைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

'ஆபத்துக் காரணி'யின் ஆங்கில மூலச்சொல் 'ரிஸ்க் ஃபேக்டர்'. லத்தீனில் 'ஃபேக்டர்' என்றால் செய்பவர். அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய ஃப்ராமிங்ஹாம் இதய ஆய்வினர் 1961இல் எழுதிய கட்டுரை இத்தொடரைப் பரப்பியது. நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது என்பதே பொருள்.

'காரணி' எங்கிருந்து வந்தது? கணக்குப் பாடத்திலிருந்து. 12க்கு 3 ஒரு காரணி. மீதியில்லாமல் வகுக்கும், எந்த நாளிலும் மாறாது. ஆங்கிலத்தில் கணக்குக்கும் மருத்துவத்துக்கும் 'ஃபேக்டர்' என்று ஒரே சொல் என்பதால் மொழிபெயர்ப்பாளர் அதையே எடுத்து ஒட்டிவிட்டார். மருத்துவத்தில் அந்த உறுதி ஏது? போதாததற்கு, 'காரணி' என்றதும் காதில் விழுவது 'காரணம்'.

அந்த வரி சொல்லும் வலி மாத்திரையான அனால்ஜினையே பாருங்கள். 1922இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மருந்து. அமெரிக்கா 1977இல் சந்தையிலிருந்து விலக்கியது. இந்தியா 2013இல் நிறுத்திவைத்து, மறு ஆண்டே நிபந்தனைகளோடு அனுமதித்தது. அரிதாகச் சிலருக்கு இது வெள்ளணுக்களில் ஒரு வகையான, கிருமிகளை எதிர்க்கும் குருணையணுக்களை ஏறக்குறைய இல்லாமலாக்கிவிடும். (எல்லா வெள்ளணுவும் அழிவதில்லை, அதுவும் அந்த வரியில் பிழை.) ஆறாம் குரோமோசோமில் உள்ள, நோய் எதிர்ப்பாற்றலோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. மரபணுக்களின் சில வகைகளுக்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்த வகை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் மாத்திரை போட்டும் நலமாகவே இருப்பார்கள். இல்லாதவருக்கும் பாதிப்பு வரலாம். இதைக் 'காரணி' என்பது எப்படிப் பொருந்தும்?

'இடர்க்காரணி' என்று பாதி திருத்துவோரும் உண்டு. முன்பாதியில் பழுதில்லை, பின்பாதியில்தான் பழுது. 'கூறு' என்றால் பங்கு. பலவற்றில் ஒன்று என்பது சொல்லிலேயே இருக்கிறது. எனவே 'மரபுவழி இடர்க்கூறு'.

சொல்தானே என்று விட முடியவில்லை. 'மரபணுவே காரணி' என்று படித்தவர், 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்று தைரியமாக இருந்துவிடுவார். அனால்ஜின் போட்டபின் காய்ச்சலோ தொண்டைப்புண்ணோ வந்தால், பரம்பரை எதுவானாலும், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்த்து ரத்த அணு எண்ணிக்கை எடுக்க வேண்டும். அந்தத் துண்டறிக்கைகளில் இந்த வரியைத்தான் காணோம்.